பாம் ஸ்பிரிங்ஸில் ஒரு நாள் மிச்சமிருந்தால்: நான்கு இடங்களும் என் தேர்வும்

கலிபோர்னியாவின் பாலைவன ஊரான பாம் ஸ்பிரிங்ஸில் நாங்கள் தங்கியிருந்த விடுதியின் பால்கனியில் நின்றுகொண்டு அம்மா கேட்ட ஒரு கேள்வியிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும். எதிரே கோல்ஃப் மைதானம், பச்சைப் பசேலென்று. அதற்குப் பின்னாலேயே புல் பூண்டு முளைக்காத மொட்டை மலை. அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மழையே பெய்யாத ஊருன்னு சொன்னியே, இவ்வளவு புல்லுக்குத் தண்ணி எங்கேருந்துடா வருது?"

ஆண்டுக்கு ஐந்து அங்குலத்தைச் சுற்றித்தான் இங்கே மழை. ஆனால் இந்தக் கோச்செல்லா பள்ளத்தாக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட கோல்ஃப் மைதானங்கள் இருக்கின்றன. நிலத்தடி நீர் கொஞ்சம், கால்வாய் வழியே வரும் கொலராடோ ஆற்று நீர் கொஞ்சம் என்று அம்மாவுக்குப் பதில் சொன்னேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை. மறுநாள் எங்களிடம் ஒரு முழு நாள் மிச்சமிருந்தது. கேபிள் காரில் ஏறியாகிவிட்டது. 1963-இல் திறந்த அந்தக் கேபிள் கார் பத்து நிமிடத்தில் உங்களை 8,516 அடி உயரத்துப் பைன் காட்டில் இறக்கிவிடும். முதல் முறை வருகிறவர்கள் அதைத் தவறவிட வேண்டாம். ஜோஷுவா ட்ரீ பூங்காவையும் பார்த்தாகிவிட்டது. இனி எங்கே?

அன்றைக்கு எடுத்த முடிவும், அதன் பிறகு பல குளிர்காலங்களில் இந்தப் பக்கம் வந்து போனதில் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை. அதிகம் பேசப்படாத நான்கு இடங்களை எடுத்துக்கொள்கிறேன்: தவுசண்ட் பாம்ஸ் பாலைவனச் சோலை, மெக்கா குன்றுகளில் உள்ள பெயிண்டட் கேன்யன், சால்டன் கடல், பொரேகோ ஸ்பிரிங்ஸ். நான்கையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட நினைப்பவர்கள் காரின் கண்ணாடி வழியேதான் பார்ப்பார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், தேர்ந்தெடுக்க இது உதவும்.

முதலில் மூன்று விஷயங்களைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். எந்த மாதம், கூட யார் வருகிறார்கள், என்ன கார். இதில் மாதம்தான் எல்லாவற்றுக்கும் மேல். ஜூலையில் இங்கே சராசரிப் பகல் வெப்பமே 42 டிகிரி செல்சியஸைத் தொடும். 2024 ஜூலை 5 அன்று பாம் ஸ்பிரிங்ஸில் 124 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவானது, அதாவது 51 செல்சியஸ். மதுரை வெயிலில் வளர்ந்தவன் நான், எனக்குப் பழக்கம்தான் என்று நினைத்து ஒருமுறை ஜூன் மாதம் காலை பத்து மணிக்கு நடக்கக் கிளம்பி, கால் மணி நேரத்தில் திரும்பி ஓடி வந்தேன். நம் ஊரில் வியர்க்கும். இங்கே வியர்ப்பதே தெரியாது, வந்த வேகத்தில் காய்ந்துவிடும். தாகம் தெரியும்போது உடம்பு ஏற்கெனவே வற்றத் தொடங்கியிருக்கும். மே முதல் செப்டம்பர் வரை இந்த நான்கில் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரைதான் இதற்கான காலம். ஏப்ரல் நடுவில் இந்தியோவில் கோச்செல்லா இசை விழா நடக்கும் வாரங்களில் அறை வாடகை எகிறிவிடும், அதையும் தள்ளி வையுங்கள்.

அன்று நாங்கள் போனது தவுசண்ட் பாம்ஸ் சோலைக்கு. காரணம் எளிது: பாம் ஸ்பிரிங்ஸிலிருந்து அரை மணி நேரம், நடை குறைவு, அப்பாவின் முழங்காலுக்குச் சரிப்படும், நுழைவுக் கட்டணமும் கிடையாது.

தார்ச்சாலையில் போய்க்கொண்டே இருக்கிறீர்கள். இரு பக்கமும் சாம்பல் நிறப் புதர், மணல், அதற்கப்பால் பழுப்புக் குன்று. திடீரென்று ஒரு திருப்பத்தில் பனைமரக் கூட்டம். அப்பா முன்சீட்டிலிருந்து "நிறுத்து, நிறுத்து" என்றார், ஏதோ தெரிந்தவரை வழியில் பார்த்துவிட்டதைப்போல. கலிபோர்னியாவின் சொந்தப் பனை இனம் இது ஒன்றுதான். நகரச் சாலைகளில் வரிசையாக நிற்கும் மற்ற பனைகள் பெரும்பாலும் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. இதுவும் நம் பனையைப் போலவே விசிறி ஓலைதான். வித்தியாசம், காய்ந்த ஓலை கீழே விழுவதில்லை. ஆண்டாண்டாக அது மரத்தோடேயே தொங்கி, அடி முதல் கொண்டை வரை பாவாடை கட்டியதுபோல் மூடிக்கொள்கிறது. காவோலை விழக் கண்டு குருத்தோலை சிரிக்கிற கதைக்கு இந்த ஊரில் இடமில்லை. காவோலை எல்லாம் குருத்துக்குக் கீழேயே நிற்கிறது. அந்தப் பாவாடைக்குள் ஆந்தை, வௌவால், எலி, பாம்பு என்று ஒரு ஊரே குடியிருக்கிறது.

"நுங்கு இருக்குமாடா?" என்றார் அம்மா. நுங்கு இல்லை. இதன் பழம் சுண்டைக்காய் அளவுக்குக் கறுப்பாக இருக்கும். உள்ளே கொட்டைதான் பெரிது, சதை மெல்லிய தோல்தான். ஆனால் இந்த மண்ணின் பூர்வகுடிகளான கவீயா மக்கள் அதைத் தின்றார்கள், மாவாக்கிச் சேமித்தார்கள், ஓலையால் கூரை வேய்ந்தார்கள், நாரால் செருப்புச் செய்தார்கள். பனையின் அடி முதல் நுனி வரை பயன்படுத்தத் தெரிந்த இன்னொரு சனம் உலகத்தின் மறுபக்கத்தில் இருந்திருக்கிறது என்பது அப்பாவுக்கு அன்றைய நாளின் பெரிய செய்தி. மாலை வரை அதையே பேசிக்கொண்டிருந்தார்.

அம்மாவின் கேள்விக்குப் பதிலும் அங்கேதான் கிடைத்தது. இந்தச் சோலை சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கலிபோர்னியாவைப் பூகம்ப பூமியாக்கிய அதே பிளவு. இரண்டு பெரும் நிலத்தட்டுகள் உரசும் இடத்தில் பாறை அரைபட்டுக் களிமண்போல மாவாகிவிடுகிறது. மலையிலிருந்து நிலத்தடியில் வழிந்து வரும் நீர் அந்தக் களிச்சுவரைத் தாண்ட முடியாமல் அணையில் தேங்குவதுபோல் தேங்கி, மேலே கசிந்து வருகிறது. நீர் மேலே வந்த இடத்தில் பனை. விமானத்திலிருந்து பார்த்தால் பனைகள் ஒரு கோடு போட்டதுபோல் வரிசையாக நிற்பது தெரியும். அந்தக் கோடுதான் பிளவு. ஊரை இடிக்கக்கூடியதும் ஊருக்குத் தண்ணீர் தருவதும் ஒன்றே என்பதை மரப்பலகை பதித்த பாதையில் பத்து நிமிடம் நடந்தால் கண்ணால் பார்த்துவிடலாம்.

அங்கிருந்து மெக்கலம் சோலை வரை போய்வர இரண்டு மைல். நடுவில் நிழலே இல்லாத மணல்வெளி, முடிவில் ஒரு சிறு குளம். அப்பா மெல்ல நடந்து போய்வந்தார். வழியில் கண்ணில் படாத ஒரு உயிர்தான் இந்த இடத்தைக் காப்பாற்றியது: விரல்களில் விளிம்புச் செதில் கொண்ட ஒரு சிறு பல்லி. காற்று கொண்டுவந்து கொட்டும் பொடி மணலில் நீந்துவதுபோல் புதைந்து ஒளியும். உலகத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் மட்டுமே வாழ்வது. வீடுகளும் மைதானங்களும் பெருகி மணல் குறைந்ததால் 1980-இல் அது ஆபத்துக்குள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டியே இந்த நிலம் காப்பகமாக ஒதுக்கப்பட்டது. ஒரு பல்லிக்காக ஒதுக்கி வைத்த இடம் என்று சொல்லிப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். மறக்க மாட்டார்கள்.

குறை என்று பார்த்தால், பார்வையாளர் நேரம் குறைவு; கோடையில் இன்னும் சுருங்கும். கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம் என்பதால் முழு நாளுக்கு இது மட்டும் போதாது.

பெயிண்டட் கேன்யன் வேறு ரகம். இது கால்களுக்கான இடம். பாம் ஸ்பிரிங்ஸிலிருந்து தென்கிழக்கே மெக்கா என்ற சிற்றூர் வரை ஒரு மணி நேரம், அதற்கப்பால் நான்கைந்து மைல் மண்சாலை. அதே சான் ஆண்ட்ரியாஸ் பிளவு இங்கே நிலத்தைப் பிழிந்து மேலே தள்ளியிருக்கிறது. படுக்கையாகக் கிடந்த மண் அடுக்குகள் செங்குத்தாக, சாய்வாக, மடிந்து, முறுக்கி நிற்கின்றன. இளஞ்சிவப்பு, துரு, பச்சை கலந்த சாம்பல். மேலே போகப் போகப் பள்ளம் குறுகி, தோள் இரண்டும் சுவரில் உரசும் அளவுக்கு ஒடுங்கும். ஏறமுடியாத இடங்களில் யாரோ நடப்பவர்கள் வைத்துப்போன ஏணிகளைப் பிடித்துத்தான் நான் போனபோது ஏறினோம். ஒரு சுற்று சுமார் ஐந்து மைல், நான்கு மணி நேரம் ஆனது.

அந்த ஒடுக்கத்தில் நிற்கும்போது சக்வாலா என்ற ஓணானைப் பற்றி நண்பர் ஒருவர் சொன்னார். எதிரி வந்தால் பாறை இடுக்குக்குள் புகுந்து, காற்றை இழுத்து உடம்பை ஊதிக்கொள்ளுமாம். பிறகு யார் இழுத்தாலும் வராது. உடும்புப் பிடி என்று நாம் சொல்வதை இது உடம்பாலேயே செய்கிறது. 2025 ஜனவரியில் இந்தக் குன்றுகளையும் சேர்த்து ஆறு லட்சத்து 24 ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் தேசிய நினைவுச்சின்னமாக, அதாவது அரசு பாதுகாக்கும் நிலப்பகுதியாக, அறிவிக்கப்பட்டபோது இந்த ஓணானின் பெயரையே வைத்தார்கள்: சக்வாலா தேசிய நினைவுச்சின்னம்.

ஆனால் இந்த இடத்தை எல்லோருக்கும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏணிகள் அரசு வைத்துப் பராமரிப்பவை அல்ல; இன்று இருக்கும், அடுத்த வெள்ளத்தில் போய்விடும். இந்தப் பள்ளங்களை வெட்டியதே வெள்ளம்தான் என்பதை மறக்கக் கூடாது. 2023 ஆகஸ்டில் ஹிலரி புயலின்போது பாம் ஸ்பிரிங்ஸில் ஒரே நாளில் மூன்று அங்குலத்துக்கு மேல் கொட்டியது, ஏறத்தாழ அரை ஆண்டு மழை. நீங்கள் நிற்கும் இடத்தில் வானம் நீலமாக இருக்கும். பத்து மைலுக்கு அப்பால் மலையில் பெய்தது உங்கள் மேல் வந்து இறங்கும். வெள்ளத்துக்குப் பிறகு பாதைகள் மூடப்படுவதும் உண்டு. ஆகவே மத்திய நில மேலாண்மைத் துறையின் அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். அங்கே குடிநீர் இல்லை, கைப்பேசி சிக்னல் இல்லை. தாழ்ந்த காராக இருந்தால் மணலில் சக்கரம் புதையும். வாடகைக் கார் எடுத்தவர்கள், மண்சாலையில் ஓட்ட ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பத்து வயதுக்குக் கீழ் பிள்ளைகளுடனோ பெரியவர்களுடனோ வருகிறவர்கள் இதை விட்டுவிடலாம். திடகாத்திரமான நண்பர்கள் நான்கு பேர், உயரமான கார், டிசம்பர் காலை என்றால் மற்ற மூன்றும் இதற்கு ஈடில்லை.

சால்டன் கடலைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு அதிகம் இருக்கிறது. அழகான இடம் என்று கூட்டிப்போய் ஏமாற்றக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாற்றம் அடிக்கும். கரையில் மணல் என்று நினைத்துக் கால் வைத்தால் நொறுங்கும். குனிந்து பார்த்தால் பார்னக்கிள் என்ற சிறு நீருயிரின் ஓடுகளும் மீன் எலும்பும். ஆனாலும் பாலைவனம் என்றால் என்ன, அங்கே மனிதன் தண்ணீரை வைத்துச் செய்கிற காரியம் என்ன என்பதை இதைவிட நேராகச் சொல்லும் இடம் இந்தப் பக்கம் வேறில்லை.

கடல் மட்டத்துக்கு இருநூறு அடிக்கும் கீழே கிடக்கும் பெரும் பள்ளம் இது. கொலராடோ ஆறு தடம் மாறிய காலங்களில் எல்லாம் இந்தப் பள்ளம் நிறைந்து ஒரு மாபெரும் ஏரியாகியிருக்கிறது, பிறகு வற்றியிருக்கிறது. கவீயா மக்கள் அதன் கரையில் கல் அடுக்கி மீன் பிடித்தார்கள். நீர் இறங்க இறங்க, பொறிகளையும் கீழே கீழே கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். 86-ஆம் நெடுஞ்சாலையில் போகும்போது மலையடிவாரத்தில் ஒரு வெளிர்க் கோடு தெரியும், தொட்டியில் தண்ணீர் நின்ற தடம்போல. அந்தப் பழைய ஏரியின் நீர்மட்டம் அது. உங்கள் கார் இப்போது ஓடிக்கொண்டிருப்பது அதன் அடியில்.

1905-இல் நடந்தது வேறு. இம்பீரியல் பள்ளத்தாக்கின் வயல்களுக்குத் தண்ணீர் எடுக்க ஆற்றங்கரையில் ஒரு வெட்டு வெட்டினார்கள், மதகு வைக்கவில்லை. வெள்ளம் வந்தது, வெட்டு அகன்றது, ஆறே திரும்பி இந்தப் பள்ளத்துக்குள் பாய்ந்தது. ரயில்வே நிறுவனம் வண்டி வண்டியாகப் பாறையைக் கொட்டி 1907-இல்தான் அதை அடைத்தது. அப்படி உருவானதுதான் கலிபோர்னியாவின் மிகப் பெரிய ஏரி. தற்செயலாகப் பிறந்த ஏரி வற்றியிருக்க வேண்டும். வயல்களின் கழிவு நீர் வந்துகொண்டே இருந்ததால் உயிரோடு இருந்தது. வெளியேற வழியில்லாத நீர், ஆவியாகிக்கொண்டே இருக்க, உப்பும் உரமும் மட்டும் தங்கின. இன்று அது பசிபிக் கடலைவிட உப்பான நீர்.

1950களில் இதுவும் ஒரு பாம் ஸ்பிரிங்ஸாக ஆகப் பார்த்தது. வேகப்படகுப் பந்தயம், மீன்பிடி, மனை விற்பனை. வடகரையில் ஆல்பர்ட் ஃப்ரே என்ற கட்டடக் கலைஞர் படகுக் குழாம் ஒன்றை வடிவமைத்தார். பாம் ஸ்பிரிங்ஸின் நுழைவாயிலில் சிறகு விரித்ததுபோல் கூரை கொண்ட ஒரு கட்டடத்தின்முன் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்களே, முன்பு பெட்ரோல் பங்க், இப்போது சுற்றுலாத் தகவல் மையம், அதுவும் அவர் வேலைதான். அங்கே படம் எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி வடகரைக்கு வாருங்கள். அதே கையின் கட்டடம். செப்பனிட்டு ஊர்ச் சமூகக்கூடமாக வைத்திருக்கிறார்கள். படகுத்துறையில் தண்ணீர்தான் இல்லை, விலகிப் போய்விட்டது. 1970களின் புயல் வெள்ளத்தில் கரையோர வீடுகள் மூழ்கின. 2003-இல் வயல்களின் நீரில் ஒரு பங்கை சான் டியேகோ நகரத்துக்குத் திருப்ப ஒப்பந்தம் ஆனது. ஏரிக்கு ஈடாக விட்டுவந்த நீரும் 2017 இறுதியோடு நின்றது. கரை ஒவ்வோர் ஆண்டும் பின்வாங்குகிறது. வெளியே வந்த ஏரிப்படுகை காற்றில் தூசியாகப் பறக்கிறது. சுற்றியுள்ள ஊர்களில் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா என்பது நெடுங்காலக் கவலை.

400-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன. உப்பு ஏற ஏற மீன் குறைகிறது, மீன் குறையக் கூழைக்கடாக்கள் குறைகின்றன. ஆனாலும் ஜனவரி மாலையில் வடகரையில் நின்றால், சிறு உள்ளான்கள் கூட்டமாக எழுந்து ஒரே நேரத்தில் திரும்பி வெள்ளையாக மின்னுவதைப் பார்க்கலாம். வேடந்தாங்கலில் சின்ன வயதில் பார்த்த கூட்டம் எனக்கு நினைவுக்கு வந்தது. அங்கே கண்மாய் நிறைந்தால் பறவை வரும். இங்கே கண்மாய் போய்க்கொண்டிருக்கிறது, பறவை இன்னும் வருகிறது.

இன்னும் இருபது மைல் தெற்கே பாம்பே பீச். பெயரைப் பார்த்துத்தான் முதலில் போனேன். சில நூறு பேர் வாழும் சிற்றூர். 2016 முதல் கலைஞர்கள் வந்து கரையிலும் கைவிட்ட மனைகளிலும் சிற்பங்கள் வைத்துப் போகிறார்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: அது மக்கள் குடியிருக்கும் ஊர். பழைய வீடு என்றதும் கைப்பேசியை நீட்டாதீர்கள். உள்ளே ஆள் இருக்கக்கூடும். ஒருமுறை நான் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி கதவைத் திறந்து வந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு நிற்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டு, எடுத்ததை அவர் முன்னாலேயே அழித்தேன்.

சால்டன் கடல் யாருக்கு? வரலாறு பிடித்தவர்களுக்கு, புகைப்படக்காரர்களுக்கு, பறவை பார்ப்பவர்களுக்கு, பதின்ம வயதுப் பிள்ளைகளோடு பேசிக்கொண்டே போகிறவர்களுக்கு. மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் யார் கூட இருந்தாலும் காற்று பலமாக வீசும் நாளில் போக வேண்டாம். வெயில் காலத்தில் அறவே வேண்டாம்; 2012 செப்டம்பரில் ஒரு புயற்காற்று இதன் நாற்றத்தை லாஸ் ஏஞ்சலஸ் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறது.

போகிற வழியில் பேரீச்சந் தோப்புகள் வரும், வண்டியை நிறுத்துங்கள். அமெரிக்காவில் விளையும் பேரீச்சையில் பெரும்பங்கு இந்தப் பள்ளத்தாக்கிலிருந்துதான் போகிறது. நாம் விரும்பிச் சாப்பிடும் பெரிய மெட்ஜூல் வகை 1927-இல் மொராக்கோவிலிருந்து வந்த வெறும் 11 கன்றுகளில் தொடங்கியது. அங்கே மரங்களை நோய் தாக்கிக்கொண்டிருந்ததால், முதலில் நெவாடாவில் தனியாக வைத்து வளர்த்து, நோயில்லை என்று உறுதியான பிறகே இங்கே கொண்டுவந்தார்கள். மகரந்தத்தைக் கையால்தான் சேர்க்கிறார்கள், ஒவ்வொரு மரத்திலும் ஏறி. குலைக்கு உறை கட்டவும் பறிக்கவும் மறுபடி மறுபடி ஏற வேண்டும். ஏறுகிறவர்கள் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்கள். அவர்கள் குடியிருக்கும் பகுதிகளில் சிலவற்றில் குடிநீரில் ஆர்சனிக் இருந்து, மத்தியச் சுற்றுச்சூழல் முகமை தலையிட வேண்டியிருந்தது. கோல்ஃப் மைதானப் புல்லுக்கும் இந்தக் குழாய்க்கும் இடையே முப்பது மைல்தான். அம்மாவின் கேள்வி இங்கே வந்து வேறொரு கேள்வியாகிவிடுகிறது.

பொரேகோ ஸ்பிரிங்ஸ் நான்காவது. பாம் ஸ்பிரிங்ஸிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கலிபோர்னியாவின் மிகப் பெரிய மாநிலப் பூங்காவான ஆன்சா பொரேகோவின் நடுவில் தீவுபோல் இருக்கும் ஊர். டென்னிஸ் ஏவரி என்பவர் தன் சொந்த நிலத்தில், ரிக்கார்டோ பிரெசேடா என்ற சிற்பியை வைத்து நூற்று முப்பது இரும்புச் சிற்பங்களை நிறுத்தினார். யானைகள், குதிரைகள், சாலையின் ஒரு பக்கம் மண்ணுக்குள் புகுந்து மறுபக்கம் எழும் 350 அடி நீளக் கடற்பாம்பு. காசு இல்லை, வேலி இல்லை. காரை ஓரம் கட்டிவிட்டுப் போய்த் தொட்டுப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு இந்த நான்கில் மிகவும் பிடிப்பது இதுதான். மழை தாராளமாகப் பெய்த ஆண்டுகளில், 2017-இலும் 2019-இலும் நடந்ததுபோல, பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் வரை தரையெல்லாம் பூவாகிவிடும். அந்த வாரங்களில் அறை கிடைக்காது.

ஆனால் பகலில் போய்ப் பகலிலேயே திரும்பினால் பொரேகோவில் முக்கியமானதை விட்டுவிட்டு வருகிறீர்கள். 2009-இலேயே இருண்ட வானத்துக்கான சர்வதேச அங்கீகாரம் பெற்ற ஊர் இது. தெருவிளக்குகளையும் கடை விளக்குகளையும் அடக்கி வைத்திருக்கிறார்கள். அமாவாசையை ஒட்டி ஒரு இரவு தங்குங்கள். கிராமத்து மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்த இரவுகளுக்குப் பிறகு அத்தனை நட்சத்திரத்தை நான் இங்கேதான் பார்த்தேன். இந்த ஊருக்கு ஆற்று நீர் கிடையாது, கால்வாய் கிடையாது. நிலத்தடி நீர் ஒன்றுதான். ஊறுவதைவிட அதிகமாக இறைத்துவிட்டதால், 2040-க்குள் இறைப்பதை ஏறத்தாழ முக்கால் பங்கு குறைக்க வேண்டும் என்று ஏற்பாடு. இருக்கிற தண்ணீருக்குள் வாழ ஒரு ஊர் முயல்வதைப் பார்க்கலாம். கைவசம் ஒரு இரவு இல்லையென்றால் இதை அடுத்த பயணத்துக்கு வையுங்கள்; நான்கு மணி நேரம் ஓட்டுவது முதியவர்களுக்கு முதுகுவலியில் முடியும்.

அரை நாள் மட்டும் கைவசம் உள்ளவர்களுக்கு ஒரு இடம் சொல்லலாம். டெசர்ட் ஹாட் ஸ்பிரிங்ஸில் கேபட் யெர்க்ஸா என்பவர் பொறுக்கிச் சேர்த்த மரத்தையும் கம்பத்தையும் வைத்துத் தன் கையால் கட்டிய 35 அறை வீடு இப்போது அருங்காட்சியகம். அவர் ஒரு கிணறு தோண்டினார், வெந்நீர். சற்றுத் தள்ளி இன்னொன்று தோண்டினார், குளிர்ந்த நீர். இரண்டுக்கும் நடுவில் ஓடியது அதே நிலப்பிளவுக் குடும்பத்தின் ஒரு கிளை.

செலவில் இந்த நான்கிற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஜோஷுவா ட்ரீ பூங்காவில் ஒரு காருக்கு 30 டாலர் கட்டுகிறோம். இவை ஏறத்தாழ இலவசம், பெட்ரோல்தான் செலவு. கையில் இருக்க வேண்டியவை மட்டும் மாறாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர். மூடிய காலணி, செருப்போடு இறங்காதீர்கள். ஒரு சீப்பு. சோயா (cholla) என்ற கள்ளியின் முள்பந்து லேசாக உரசினாலே உடம்பில் ஏறிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையிலும் ஏறும். சீப்பின் பல்லைக் கொடுத்து நெம்பினால் தெறித்து விழும். மெக்காவைத் தாண்டும் முன் டேங்கை நிரப்புங்கள்.

என்னுடைய முடிவு இது. பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒரே ஒரு நாள் இருந்தால் தவுசண்ட் பாம்ஸ் சோலையையும் சால்டன் கடலின் வடகரையையும் சேர்த்துப் பாருங்கள், அந்த வரிசையிலேயே. பூமி தானாகக் கொடுத்த தண்ணீரைக் காலையில், மனிதன் தவறவிட்ட தண்ணீரை மாலையில். இரண்டுக்கும் நடுவில் பேரீச்சந் தோப்பில் மதியம். பாம்பே பீச் வரை இழுக்க வேண்டாம், வடகரையே போதும்.

வரும் நவம்பரில் தங்கை குடும்பத்தோடு வருகிறாள். அவள் சின்னவனுக்கு வீசிங் உண்டு. ஆகவே வடகரை, அன்று காலை காற்றின் வேகத்தைப் பார்த்த பிறகுதான். பலமாக இருந்தால் மதியத்துக்கு மேல் கேபட் வீட்டுக்கு வண்டியைத் திருப்பிவிடுவோம். சோலைக்கு எட்டு மணிக்குப் போய் நிற்க வேண்டும். அப்பாவும் வருகிறார். போன தடவை பொறுக்கி எடுத்துப் பார்த்துவிட்டு, காப்பகத்தில் எதையும் எடுக்கக் கூடாது என்று அம்மா சொன்னதும் அதே மரத்தடியில் திரும்ப வைத்த அந்தக் கறுப்புப் பனங்கொட்டை, முளைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.